கொட்டகை வடிவில் ஒரே தள வீடு: முதியோரும் சக்கர நாற்காலியும் தடையின்றிப் புழங்கத் திட்டமிடும் முறை

நீண்ட செவ்வகத் தரை, இருபுறமும் சரியும் கூரை, நடுவில் தூண் இல்லாத திறந்த உட்புறம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொட்டகை வடிவ வீடு. இதைக் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் கூரையின் தோற்றத்திலிருந்து வரையத் தொடங்குகிறார்கள். தரை எந்த உயரத்தில் அமையும், வாசலுக்கு எப்படி ஏறுவது என்னும் கேள்விகள் கடைக்கால் தோண்டிய பிறகுதான் எழுகின்றன. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம் என் பெற்றோருக்காக இப்படி ஒரு வீட்டைக் கட்டி முடித்து, பிறகு காட்பாடியிலும் குடியாத்தத்திலும் சில உறவினர்களின் வரைபடங்களோடு உட்கார்ந்தபோது, எல்லோரும் தடுமாறிய இடம் இதுவாகவே இருந்தது. எனவே தெருவிலிருந்து படுக்கைக்கும், படுக்கையிலிருந்து குளியலறைக்கும் செல்லும் வழியை முதலில் வரைந்து, சுவர்களை அதன் பிறகு எழுப்பும் வரிசையில் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

1. பென்சிலை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, புல வரைபடம் ஆகியவற்றோடு, மனையின் நான்கு மூலைகளும் தெருவின் நடுப்பகுதியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஏற்ற இறக்கமாக உள்ளன என்ற அளவும் தேவை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேஸ்திரி வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் அரை நாளில் எடுத்துவிடலாம்.

மண்ணைப் பார்க்க 5 அடி ஆழத்துக்கு இரண்டு குழிகளாவது தோண்டிப் பாருங்கள். வேலூரைச் சுற்றி ஒரே ஊரில் மேட்டுப் பக்கம் செம்மண்ணும் பாறையும், ஏரிப் பக்கம் களிமண்ணும் இருப்பது வழக்கம். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். தரை விரிசல் விட்டு அரை அங்குலம் எழும்பினால் கைத்தடியோடு நடப்பவருக்கு அதுவே தடுக்கி விழும் இடமாகும். எனவே கடைக்காலின் வகையை மண்ணைப் பார்த்த கட்டுமானப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களையும் அளந்துகொள்ளுங்கள். யார் எதைப் பிடித்து எழுகிறார், எந்தக் கை வலுவானது, உட்கார்ந்தபடி கை எவ்வளவு உயரம் எட்டுகிறது என்பவற்றை எழுதி வையுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கோ வேறிடத்திலோ பயிற்சி பெற்றவர் வீட்டில் இருந்தால், வரைபடத்தை அவருடைய சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டுவது மிகவும் பயன் தரும். வலப்பக்கம் செயலிழந்தவருக்கும் இடப்பக்கம் செயலிழந்தவருக்கும் குளியலறை நேர் எதிராக அமைய வேண்டியிருக்கும்.

2. தரைமட்டத்தை முடிவு செய்தல்

இதுதான் முதல் வரைவு. மற்ற எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

தெருவுக்கு மறுபடி மறுபடி சாலை போட்டு உயர்த்துவதைப் பார்த்த அனுபவத்தால், நம் பக்கத்தில் பேஸ்மட்டத்தை இரண்டரை, மூன்று அடி உயர்த்தும் பழக்கம் ஊன்றிவிட்டது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாய்தளத்தின் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி பேஸ்மட்டத்துக்கு 18 அடி. இரண்டரை அடிக்கு 30 அடி. அந்த 30 அடியை ஒரே மூச்சில் ஏற முடியாது என்பதால், இடையில் 5 அடிக்கு 5 அடி அளவில் சமதளமும் விட வேண்டும். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, படிக்கட்டின் ஓரத்தில் இருக்கும் 6 அடி இடத்தில் சாய்தளம் போடச் சொன்னால் எந்த மேஸ்திரியாலும் அதைச் சரியாகச் செய்ய இயலாது. இரு சக்கர வண்டி ஏற்றத்தான் அது உதவும்.

மனையில் நீளம் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வீட்டைக் கேட்டிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி வைத்து, அந்த 30 அடி நடைபாதை முழுவதையும் 20க்கு 1 என்ற மென்மையான ஏற்றமாக அமைத்தால், ஒன்றரை அடி உயரம் ஏறியதே தெரியாமல் வாசலை அடைந்துவிடலாம். படிக்கட்டு என்று ஒன்றே தேவைப்படாது. என் தந்தை அந்தப் பாதையில்தான் மாலையில் நடக்கிறார்; அதைச் சாய்தளம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பாதைக்குக் கொட்டும் மண்ணை 9 அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே கல் பதித்தால் ஒரே மழையில் பாதை இறங்கி, வாசலில் ஒரு படி தானாக உருவாகிவிடும். பாதையின் அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி 3 அங்குலத் தடுப்பு விளிம்பு வைக்க வேண்டும். 12க்கு 1 சாய்தளமாக இருந்தால் இருபுறமும் 3 அடி உயரத்தில் கைப்பிடிக் குழாயும் வேண்டும்.

வாசலும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். கதவுக்கு வெளியே வாசலின் முழு அகலத்துக்கும் சல்லடை மூடிய வடிகால் ஒன்றை அமைத்து, தாழ்வாரத்தின் தரையை வெளிப்புறமாகச் சிறிது சரித்துவிட்டால் வராது. சல்லடையின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. மிகுந்தால் முன்சக்கரமோ கைத்தடியோ மாட்டிக்கொள்ளும்.

நிலைவாசல் பற்றியும் இங்கேயே பேசி முடிக்க வேண்டும். கீழ்க்கட்டை இல்லாத நிலையை வீட்டுப் பெரியவர்கள் ஏற்கத் தயங்குவார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் இடம் அது. கீழ்க்கட்டையை எடுத்துவிடாமல், அதன் மேற்பரப்பு தரையோடு சமமாக அமையும்படி பதித்துவிடுங்கள். அதிகம் போனால் 12 மி.மீ. மட்டுமே எழும்பலாம், அதுவும் ஓரங்கள் சரிவாக இழைக்கப்பட்டு. நிலை வைக்கும் பூசை நாளன்று மட்டத்தைச் சரிபார்க்க நீங்களே நிற்க வேண்டும். தச்சரும் மேஸ்திரியும் பழக்கத்தால் இரண்டு அங்குலம் தூக்கி வைத்துவிடுவார்கள், பூசை முடிந்த நிலையைப் பெயர்க்க யாருக்கும் மனம் வராது.

3. மனையில் வீட்டைத் திருப்பி வைத்தல்

செவ்வகத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். காலை, மாலைச் சாய்வெயில் இரு முனைகளிலும் கூரைச் சரிவுக்கேற்ப முக்கோணமாக முடியும் குறுகிய சுவர்கள் (முக்கோணச் சுவர்கள்) மீது மட்டும் விழும். நம் ஊர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், கோடையில் உச்சி வெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேராக இறங்குகிறது. எனவே நீண்ட சுவர்களை 3 அடி இறவாரமே (சுவருக்கு வெளியே நீளும் கூரை) காத்துவிடும்.

மேற்கு முனையில் பொருள் வைக்கும் அறை, துணி துவைக்கும் இடம் போன்றவற்றை வைத்தால் பிற்பகல் வெப்பம் அங்கேயே தங்கிவிடும். வாஸ்துப்படி தென்மேற்கில் படுக்கையறை வேண்டும் என்பவர்கள், அந்த அறையின் மேற்குச் சுவருக்கு வெளியே 6 அடித் தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நகர முடியாமல் பகலெல்லாம் படுத்திருப்பவரின் அறையை மட்டும் வடக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மே மாதப் பிற்பகலில் இந்த வேறுபாட்டை உடம்பு அறியும்.

4. கண் பிரித்தலும் சட்டகமும்

24 அடி அகலம், 60 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் 1,440 சதுர அடி கிடைக்கும். 12 அடிக்கு ஒரு சட்டகம் (இரு ஓரத் தூண்களும் அவற்றின் மேல் கூரையைத் தாங்கும் டிரஸ்ஸும் சேர்ந்தது) என்று நிறுத்தினால் ஆறு சட்டகம், அவற்றுக்கு இடையே ஐந்து கண். எடை முழுவதையும் ஓரத்துத் தூண்கள் தாங்குவதால் உள்சுவர்கள் வெறும் தடுப்புகளே. பிற்காலத்தில் இரண்டு அறைகளை ஒன்றாக்கவோ, கதவை அகலப்படுத்தவோ இயலும். இந்த வடிவத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

அறைச் சுவர்கள் கண்ணின் கோட்டில் விழும்படி வரையுங்கள். இல்லையென்றால் டிரஸ்ஸின் கம்பிகள் அறையின் நடுவில் வந்து, சுவருக்கும் கூரைக்கும் இடையிலான இடைவெளியை மூடுவதற்குப் பெரும்பாடு படவேண்டியிருக்கும்.

இரும்புத் தூணின் அடித்தட்டையும் போல்ட்டையும் மண்ணுக்குள் புதைக்காமல், தரைக்கு மேலே தெரியும்படி கான்கிரீட் பீடத்தில் நிறுத்த வேண்டும். கோடை மழையோடு வரும் சூறைக்காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும் என்பதால், இறவாரத்திலும் முக்கோணச் சுவரின் ஓரங்களிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லி வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

5. கூரை

ஓடு என்றால் சரிவு கூடுதலாக வேண்டும். 12 அடி அரை அகலத்துக்கு 6 அடி ஏற்றம் வைத்தால் ஏறத்தாழ 27 பாகை வரும், தண்ணீர் தங்காது. தகடு என்றால் இதைவிடக் குறைவான சரிவே போதும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் குரங்குகள் ஓடுகளைப் பிரித்துப் போடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நான் தகட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

ஒற்றைத் தகடு மட்டும் போட்டால் வேலூர் வெயிலில் அந்த வீட்டில் பகலில் இருக்க முடியாது. மேலே வெளிர்நிறத் தகடு, அதன் கீழே காற்று ஓடும் இடைவெளி, வெப்பத்தடுப்பு அடுக்கு, கடைசியாக உட்கூரைப் பலகை என நான்கும் வேண்டும். இல்லையெனில் நடுவில் நுரை நிரம்பிய 50 மி.மீ. பஃப் பேனலை நேரடியாகப் போடலாம். இறவாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி விட்டால் இடைவெளியில் சூடு தேங்காது. காது மந்தமானவர் வீட்டில் இருந்தால், மழைச் சத்தத்தைக் குறைப்பதற்காகவும் வெப்பத்தடுப்பு அடுக்கு அவசியம். வெறும் தகட்டில் மழை பெய்யும்போது அவரோடு பேசவே இயலாது.

உயரம் இருக்கிறதே என்று பரண் தளம் அமைத்து அங்கே ஓர் அறையை வைக்காதீர்கள். அதற்கு ஏணியோ படியோ வேண்டும், ஒரே தள வீடு என்ற நோக்கமே அதனால் குலைந்துபோகும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். இறவாரத்தையும் சேர்த்தால் இந்தக் கூரை ஏறத்தாழ 1,980 சதுர அடி வரும், 1 செ.மீ. மழைக்கே 1,800 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். வாசல் இருக்கும் பக்கத்தில் பீலி (கூரைத் தண்ணீரை ஏந்திச் செல்லும் வாய்க்கால்) இல்லாமல் விட்டால் அந்தத் தண்ணீரில் பாதி நடைபாதையின் மீதே கொட்டும்.

6. உள்வழியும் கதவுகளும்

நடுவில் இரண்டு கண் அகலத்துக்குக் கூடம், அதன் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் படுக்கையறைகள் என்று வைத்தால் நடைக்கூடமே தேவைப்படாது. தேவைப்பட்டால் அது 4 அடிக்குக் குறையக் கூடாது. 5 அடி இருந்தால் நாற்காலியை அங்கேயே திருப்பலாம். ஒவ்வோர் அறையிலும் 5 அடி விட்டமுள்ள வட்டம் ஒன்று, கட்டில், பீரோ எல்லாம் வைத்த பிறகும், வெறுமையாக இருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த வட்டத்தைச் சிவப்பு மையால் போட்டுவிடுங்கள்.

கதவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "3 அடிக் கதவு" என்று தச்சரிடம் சொன்னால், அவர் நிலையின் வெளிப்புற அளவை 3 அடியாக எடுத்துக்கொள்வார். அதில் இருபுறக் கட்டைகளுக்கு 6 அங்குலம் போகும்; திறந்து நிற்கும் கதவின் கனம் இன்னும் ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது இரண்டரை அடிக்கும் குறைவே. நமக்கு வேண்டியது திறந்த பிறகு கிடைக்கும் 3 அடி. அதற்கு நிலையின் வெளி அளவு 3 அடி 8 அங்குலம் இருக்க வேண்டும். தச்சருக்கு அளவைச் சொல்லும்போது, "கதவைத் திறந்து வைத்தால் இடையில் 3 அடி நிற்க வேண்டும்" என்றே சொல்லுங்கள்.

உட்புறமாக இழுத்துத் திறக்கும் கதவுகளில் கைப்பிடிப் பக்கச் சுவர் ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். மூலையோடு ஒட்டிய கதவை நாற்காலியில் இருப்பவர் திறக்க முயன்றால் அவரே அதற்குக் குறுக்கே நிற்பார்.

7. சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தல்

வரைபடம் முடிந்ததும் கடைக்காலுக்கு ஆள் கூப்பிடாதீர்கள். சமமான களம் ஒன்றில் வீட்டை முழு அளவில் சுண்ணாம்புத் தூளால் வரையுங்கள். கதவு இருக்குமிடத்தில் இரு செங்கற்கள், கட்டில் இருக்குமிடத்தில் உண்மையான கட்டில், கழிப்பறைப் பீடத்துக்கு ஒரு முக்காலி என்று வைத்து, வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலியில் வீட்டுக்குரியவரை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.

நாங்கள் அப்படிச் செய்த காலையில், என் அம்மா கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் மூலையில் நாற்காலியின் கால்பலகை செங்கல்லைத் தட்டி இழுத்துக்கொண்டு போனது. காகிதத்தில் அந்த இடம் 4 அடி; போதுமானதாகவே தெரிந்தது. திரும்பும்போது நாற்காலியின் நீளமும் கால்பலகையும் சேர்ந்து இடம் கேட்கும் என்பதை நான் எண்ணவில்லை. சுவரின் மூலையை ஒன்றரை அடி வெட்டிச் சாய்வாக வரைந்தோம். அம்மா மறுபடி ஒருமுறை சுற்றிவந்து, "இப்ப போகுதுப்பா" என்றார்கள். அந்த மாற்றத்துக்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் செலவாயிற்று.

8. குளியலறை

இந்த அறைக்குத் தனித் தாளே ஒதுக்குங்கள். படுக்கையறையிலிருந்து நேராகச் செல்லும்படி, 8 அடிக்கு 7 அடி என்ற அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

முதலில் தரை. குளியலறைத் தரையை இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டுவது மேஸ்திரிகளின் பழக்கம், அந்த இரண்டு அங்குலமே இரவில் எழுந்து செல்பவரை விழ வைக்கும். அதற்குப் பதிலாக, கதவருகே தரை படுக்கையறையோடு சமமாகத் தொடங்கி, குளிக்கும் மூலைவரை 50க்கு 1 என்ற சரிவில் இறங்கட்டும். 8 அடி நீளத்தில் அது ஏறத்தாழ 2 அங்குலம் வரும். குளிக்கும் பகுதியின் முழு அகலத்துக்கும் நீண்ட சல்லடை வடிகால் வையுங்கள். இதற்காக வடிகால் குழாயின் மட்டத்தைத் தரைக் கான்கிரீட் போடும் முன்பே பிளம்பரிடம் குறித்துக் கொடுக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் நாளில் நினைத்தால் சரிவுக்கு ஆழம் இருக்காது.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அல்லது ஓரமாகத் தள்ளுவதாக இருக்க வேண்டும். எங்கள் பழைய வீட்டில் அம்மா உள்ளே விழுந்தபோது, உட்புறம் திறக்கும் கதவுக்கு அவர்களே தடையாகக் கிடந்தார்கள். கீலைக் கழற்றித்தான் உள்ளே போக முடிந்தது. வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கக்கூடிய தாழ்ப்பாளையே வாங்குங்கள்.

கழிப்பறைப் பீடத்தின் உட்காரும் உயரம் 18 முதல் 19 அங்குலம். அதன் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும்; மறுபக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்த 3 அடி வெற்றிடம் விடுங்கள். சுவர்ப் பக்கம் நிலையான பிடிகம்பியும், வெற்றிடத்தின் பக்கம் மேலே மடிக்கக்கூடிய கம்பியும், உட்காரும் உயரத்திலிருந்து 8 முதல் 10 அங்குலம் மேலே வர வேண்டும். ஒருவரின் முழு எடையும் அந்தக் கம்பியில் தொங்கும். எனவே இந்த அறையின் சுவர்களை மட்டும் 9 அங்குலச் செங்கல்லால் கட்டுங்கள். பலகைத் தடுப்பில் திருகிய கம்பி ஒருநாள் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியைப் பிடிகம்பியாக எண்ணவே கூடாது.

நம்மவர்களில் பெரும்பாலோர் வாளியில் மொண்டு குளிப்பவர்கள். உட்கார்ந்து குளிக்க 18 அங்குல உயரத்தில் கல் இருக்கையும், அதன் பக்கத்தில் வாளி வைக்க ஓர் அடி உயர மேடையும் கட்டி, குழாயை அந்த மேடைக்கு நேராக வைத்துவிட்டால் குனிய வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் டைல்ஸின் மேல் படிந்து வழுக்கும் என்பதால் சொரசொரப்பான சிறிய டைல்ஸே நல்லது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும் வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் எட்டும்படி தொங்கும் கயிற்றோடு அழைப்பு மணி ஒன்றும் வையுங்கள்; விழுந்து கிடப்பவரின் கை அவ்வளவு உயரம்தான் எட்டும்.

9. சமையலறை, படுக்கையறை, மின்சாரம்

சமையல் மேடை முழுவதையும் தாழ்த்த வேண்டியதில்லை. நின்று சமைப்பவரும் இருப்பார். இரண்டரை முதல் 3 அடி நீளத்துக்கு ஒரு பகுதியை மட்டும் 31 அங்குல உயரத்தில் வைத்து, அதன் கீழே அலமாரி இல்லாமல் முழங்கால் நுழைய விட்டால், காய் நறுக்கவும் மாவு பிசையவும் உட்கார்ந்தபடி முடியும். காஸ் சிலிண்டர் உருட்டி வரும் வழியும் படியில்லாமல் இருக்க வேண்டும்.

கட்டிலின் உயரம், மெத்தையோடு சேர்த்து, நாற்காலியின் இருக்கை உயரத்துக்குச் சமமாக இருந்தால் மாறி உட்காருவது எளிது. சன்னலின் அடிவிளிம்பை இரண்டு முதல் இரண்டரை அடியில் வையுங்கள். 3 அடிக்கு மேல் போனால் படுத்திருப்பவருக்கு வானம் மட்டுமே தெரியும், தெருவில் போகிறவர் தெரியமாட்டார்.

சுவிட்சுகள் 3 முதல் 4 அடி உயரத்திலும், பிளக்குகள் ஒன்றரை அடிக்குக் குறையாமலும் இருக்கட்டும். கட்டிலிலிருந்து குளியலறைவரை இரவு விளக்கு, இன்வெர்ட்டர் இணைப்போடு வேண்டும்.

10. ஒப்புதலும் வேலை வரிசையும்

2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி ஒப்புதல் கிடைக்கிறது. கேட்டிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி, 60 அடி நீள வீட்டைக் கட்டும் மனை பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். அப்போது வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும். எதுவானாலும் சாய்பாதையையும் தாழ்வாரத்தையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

வேலை தொடங்கியதும் தெரு மட்டத்தை அசையாத ஒரு சுவரிலோ மின்கம்பத்திலோ பெயின்ட்டால் குறியுங்கள். கடைக்கால், தூண் பீடம், சட்டகம், கூரை, அதன் பிறகு சுவர், குழாய், தரை என்று போங்கள். கூரையை முன்னால் முடித்துவிட்டால் ஐப்பசி மழையிலும் உள்வேலை நிற்காது. சாய்பாதை மண்ணை முதல் மாதமே கொட்டிவிட்டால், வேலை முடிவதற்குள் அது ஒரு மழைக்காலத்தைப் பார்த்து இறுகிவிடும். மேல்கல்லைக் கடைசியில் பதிக்கலாம்.

டைல்ஸ் ஒட்டி முடித்த அன்றே, மேஸ்திரி கூலி வாங்கும் முன், குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கதவருகே ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எங்கும் தேங்காமல் வடிகாலுக்குப் போயிருக்க வேண்டும். பிறகு, சுண்ணாம்புக் கோட்டில் ஓட்டிய அதே நாற்காலியைக் கேட்டிலிருந்து படுக்கைவரை ஒருமுறை தள்ளிச் செல்லுங்கள். சக்கரம் எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறித்து, ஆட்கள் கருவிகளைக் கட்டி எடுத்துச் செல்லும் முன்பே இழைத்துச் சரி செய்யச் சொல்லுங்கள்.